மணப்பாறையிலிருந்து வந்த ஒரே கார்டு

தம்பி,

நினைவகத் திறப்பு விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு மாதமாக என் உயிரை எடுக்கிறாய். சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறாய். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாய். நேற்றைக்கு, "ஓசி இயக்கமும் நானும்" என்று தலைப்பை நீயே எழுதி, அடியில் கோடும் போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருக்கிறாய். இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு வேறு தலைப்பே கிடைக்கவில்லையா? சரி, போகட்டும், எழுதுகிறேன். ஆனால் நீ எதிர்பார்க்கிற சமாசாரம் இது இல்லை. போன மாதம் உங்கள் கல்லூரிக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என்னைத் தியாகி என்று பேசிவிட்டு வந்தாய். அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் பார்க்கத்தான் மறுக்க வேண்டும். அதனால் இதை ஒரு எழுத்து மாற்றாமல் மலரில் போடு. பிழை திருத்துகிறேன் என்று உட்கார்ந்து என்னை நல்லவனாக்கிவிடாதே.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில், நாங்கள் ஐந்து பேர் கூடிப் பேசிய அறைதான் அது. இல்லையென்று சொல்லவில்லை. அதை நீ வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, "ஓசி நினைவகம்" என்று பலகை மாட்டியதுகூடச் சரி. ஆனால் உள்ளே என்னென்ன கொண்டு போய் வைத்திருக்கிறாய்? என் கிழிந்த குடையை ஆணியில் தொங்கவிட்டு, கீழே "இயக்கத்தினர் பயன்படுத்திய குடை" என்று ஒரு சீட்டு. அந்தக் குடையை நான் வாங்கியதே போன வருஷத்து மழையில். ஓட்டலில் நாலு டீக்கிளாஸ் கேட்டு வாங்கி வந்து கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறாய். நாங்கள் ஒருநாளும் டீ குடித்ததில்லை, காப்பிதான். உன் அம்மாவின் ஊறுகாய் ஜாடியை மைக்கூடு என்று எழுதி வைக்காததுதான் பாக்கி. "உங்க மகன் கடைக்கு இன்னும் என்னென்ன போகணும்னு ஒரு லிஸ்ட் கொடுத்திடச் சொல்லுங்க, சமையலுக்கு வேணுங்கறதை நான் ஒளிச்சு வச்சுக்கறேன்" என்கிறாள் அவள். அவள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது.

மலரைப் படிக்கிறவர்களுக்காக ஓசி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். உனக்கே அது சரியாகப் பிடிபடவில்லை என்பது என் எண்ணம். அது எட்டுப் பக்கப் பத்திரிகை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், மாதா மாதம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, முடிந்த மாதத்தில் வந்தது. விலை கிடையாது. எழுதியவர் பெயர் கிடையாது. ராஜா ராணிக் கதை கிடையாது, எதுகை மோனை கிடையாது. வாயில் வருகிற தமிழில் மனசில் இருக்கிறதை எழுத வேண்டும், அவ்வளவுதான். ஊரில் இருந்த புலவர்கள் எங்களை ஓசிக் கோஷ்டி என்று கேலி பேசினார்கள். பெரிய பத்திரிகைக்காரர்கள் அந்த மரியாதைகூடத் தரவில்லை. புத்தகக் கடையில் போடக் கூடாது, இலக்கியக் கூட்டத்தில் கொடுக்கக் கூடாது, எழுத்தாளனுக்கு எழுத்தாளன் கொடுத்து முதுகு சொறிந்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் சட்டம். விடியற்காலையில் மணப்பாறைக்கும் துறையூருக்கும் முசிறிக்கும் புறப்படுகிற பஸ்களில், சீட்டுக்குச் சீட்டு ஒரு பிரதியை வைத்துவிட வேண்டும். யார் வந்து உட்காருகிறாரோ அவர்தான் வாசகர். படித்ததும் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுங்கள், வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். எழுதியவனுக்கும் அதே சட்டம், அவனும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசிப் பக்கத்தில் சைக்கிள் கடை விலாசம் இருக்கும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள் என்று. மூட்டை தூக்குகிறவர், முறுக்கு விற்கிறவர், கேஸுக்காகக் கோர்ட்டுக்கு வந்து போகிறவர் எல்லோரும் எழுதினார்கள். "ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் செத்துப்போன என் மச்சான் ஞாபகம் வந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கார்டை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு வாரம் பேசினோம். இப்படி எதையும் சேர்த்து வைக்காதே என்று சொன்ன ஆட்களுக்குத்தான் நீ மியூசியம் கட்டியிருக்கிறாய். ஐந்து பேரில் ஒருவனாவது வயிறு வலிக்கச் சிரிப்பான்.

இதில் நான் யார்? உன் பலகையில் "முன்னணி எழுத்தாளர்" என்று போட்டிருக்கிறாய். அப்பனே, நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நான் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். அதனால் பஸ்களில் பத்திரிகை வைக்கிற வேலை என்னுடையது. மற்ற நாலு பேர் எழுதினார்கள், நான் கொண்டு போய்ச் சேர்த்தேன். அந்த நாலு பேரில் கெட்டிக்காரன் சடகோபன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. அவன் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர், அதாவது கோஷ்டியாக நின்று ஆழ்வார் பாசுரங்களைச் சொல்லுகிறவர், அவனும் எட்டு வயதிலிருந்து அவர் பக்கத்தில் நின்று சேவித்தவன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஆனால் காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டி எங்கள் மாடிக்கு வந்துவிடுவான். எனக்கு எழுத வரவில்லையே என்று ஒருநாள் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, "போடா, நீ இல்லேன்னா நாங்க எழுதறது இந்த மாடிப்படியே எறங்காது" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் இரண்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இனி அந்தக் கட்டுக்கு வருகிறேன். பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் நீ கண்டுபிடித்தாயே, ஓசியின் கடைசி இதழ், இருநூறு பிரதி, அச்சகத்தில் போட்ட சணல் கட்டுகூட அவிழாமல். முதலாளி என்னை மிரட்டினார் என்பதை மட்டும் உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, "வேலை போனாலும் போகட்டும் என்று என் அப்பா பொக்கிஷமாகக் காப்பாற்றினார்" என்று கூட்டத்தில் முழங்கினாய். அறைக்கு நடுவே கண்ணாடிப் பெட்டி செய்து, சணலோடு அப்படியே வைத்திருக்கிறாய். நீ எம்.ஏ. படித்தவன்தானே? அச்சடித்தது இருநூறு, பெட்டியில் இருப்பதும் இருநூறு. அப்படியானால் அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று உனக்கு ஒரு நிமிஷம் கேட்கத் தோன்றவில்லையா? உன்னோடு சேர்ந்து தூசி தட்டின மாணவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? அந்தக் காலேஜில் என்னதான் நடக்கிறது? நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை, அதற்குத் தைரியம் இல்லை.

இப்போது சொல்கிறேன். அந்தக் கடைசி இதழ் முழுவதும் சடகோபன் எழுதியது. எட்டுப் பக்கமும் ஒரே கவிதை. ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினான், எங்கள் யாருக்கும் காட்டவில்லை. பஸ்ஸில் படிக்கிறவன்தான் முதலில் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். கட்டு என் கைக்கு வந்த அன்று காலையிலேயே எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். முந்தின இதழ் ஒன்று அவர் சம்பந்தி கையில் சிக்கி, அதில் பணக்காரர்களை ஏதோ நையாண்டி செய்திருந்தது அவருக்கு உறைத்திருக்கிறது. "என் பஸ்ல முறுக்கு விக்கட்டும், சோடா விக்கட்டும். இன்னொரு தடவை இந்தக் காகிதம் என் கண்ல பட்டுச்சு, நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். சத்தம் போடவில்லை, கும்பகோணம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் தங்கை உன் அம்மா வயிற்றில் எட்டு மாதம். பத்திரிகைக் கட்டை என் துண்டால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வேலைக்குப் பயந்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் பயப்படுவேன். அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், என்னால் இனி முடியாது, வேறு வழி பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அவர்களே ஜங்ஷனுக்குக் கொண்டு போய் ரயில் பெட்டிகளில் வைத்திருப்பார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? எழுதத் தெரியாதவனுக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே இடம் அது. கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் என்ற பெயரும் போய்விட்டால் அந்த மாடியில் எனக்கு என்ன வேலை? படியேறினேன். நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "எல்லாம் போயாச்சு, மணப்பாறை வண்டியில மட்டும் நாப்பது" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அடுத்த வாரம் ரகசியமாக வைத்துவிடலாம், அதற்கடுத்த வாரம் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கட்டைப் பிரிக்கவும் கை வரவில்லை, அடுப்பில் போடவும் கை வரவில்லை.

சடகோபன் தினமும் வந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பாலத்தைத் தாண்டி, சைக்கிள் கடை வாசலில் நின்று, "கார்டு வந்துதா?" என்று கேட்பான். கடைக்காரர் தலையை ஆட்டுவார். முதல் வாரம் சிரித்துக்கொண்டே மேலே வந்தான். இரண்டாவது வாரம் மேலே வந்து, தபால்காரர் வருகிற தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மாதம் ஆனபோது அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் கேட்கிற கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் உன் அப்பன் மூளையைக் கசக்கி ஒரு காரியம் செய்தான். ஒரு கார்டு வாங்கினேன். இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். "பஸ்ஸில் உங்கள் பத்திரிகை கிடைத்தது. படித்தேன், நன்றாக இருக்கிறது. கடைசிப் பகுதி மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். பெரியசாமி, மாட்டுத் தரகு, மணப்பாறை." எங்கள் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்து மணப்பாறைத் தபால்பெட்டியிலேயே போடச் சொன்னேன், முத்திரை அந்த ஊர் முத்திரையாக இருக்க வேண்டும் என்று. கடைசிப் பகுதியைப் பற்றி ஏன் எழுதினாய் என்று கேள். வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அவன் சந்தேகப்படுவான், ஓசிக்கு வருகிற கார்டுகளில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும், அதனால் ஒரு குத்தல் வைத்தேன். கடைசிப் பகுதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் கவிதையைப் படிக்கவே இல்லை.

கார்டு வந்த அன்று அவன் துள்ளிக் குதித்தான். அடுத்த சந்தை நாளில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மணப்பாறைக்கே கிளம்பிவிட்டான், பெரியசாமியைப் பார்க்க. தடுக்க ஆயிரம் காரணம் சொன்னேன், கேட்கவில்லை. மாட்டுச் சந்தை முழுக்க அலைந்திருக்கிறான். மூன்று பெரியசாமிகள் அகப்பட்டார்கள். ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவர் இவன் மாடு வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்து ஒரு ஜோடி காளையைப் பல் பிடித்துக் காட்டியிருக்கிறார். இன்னொருவர், நான் கார்டே போடலை, ஐயரே வெயிலில் நிற்காதீங்க என்று மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். திரும்பி வரும்போது எங்கள் எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்தான். நீயும் அதைத் தின்றாய். உனக்கு நினைவிருக்காது, எனக்கு ஒவ்வொரு கடியும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து, மாடியில் எல்லோரும் இருக்கும்போது சொன்னான்: "கார்டு போட்ட அந்த மனுஷன் கண்டுபிடிச்சுட்டான்டா. மத்ததெல்லாம் நெஜம், கடைசியில மட்டும் நான் நடிச்சிருக்கேன். அதுகூட எனக்குத் தெரியலேன்னா நான் எதுக்கு எழுதணும்?" வீட்டில் இருந்த கைப்பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னான். பிறகு அவன் எழுதவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் இல்லாமல் ஓசியும் நின்றது. ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். மாட்டிக்கொள்வேனே என்று உட்கார்ந்திருந்தேன்.

வருஷம் பதினாறு ஓடிவிட்டது. நீ நினைவகம் வைக்கிறேன் என்று ஸ்ரீரங்கம் போய் அவன் காலில் விழுந்து, ஏதாவது கொடுங்கள் மாமா என்று கேட்டிருக்கிறாய். அவன் அலமாரியைத் திறந்து அந்தக் கார்டைக் கொடுத்திருக்கிறான். அத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறான். நீ அதைச் சட்டம் போட்டு, "சாமானிய வாசகரின் ஒரே சாட்சி" என்று எழுதி, கட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறாய். போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை திறந்து வைப்பதே சடகோபன் மாமாதான், கட்டு கிடைத்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, பார்த்ததும் ஆச்சரியப்பட வேண்டும் என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டுகிறாய். ஆச்சரியமா? கணக்கு வாத்தியார் அவன். சணல் அவிழாத கட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். பக்கத்தில் தொங்குகிற கார்டைப் பார்த்தால் மிச்சமும் விளங்கிவிடும். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊரார் கை தட்டிக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு அது தெரிய வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உன்னிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஆனாலும் எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரத்தை என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை நீ கல்லூரிக்குப் போன பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கட்டின் நடுவிலிருந்து ஒரு பிரதியை உருவினேன். நீ செய்த முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். கவிதை சடகோபனின் அப்பாவைப் பற்றியது. கோஷ்டியில் சேவித்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் அவருக்குப் பாசுரத்தில் அடுத்த அடி வரவில்லை. உதடு மட்டும் அசைகிறது. பக்கத்தில் நிற்கிற மகனுக்குச் சாமியிலும் நம்பிக்கையில்லை, பாசுரத்திலும் நம்பிக்கையில்லை, பசியோடு பிரசாதத்துக்காக நிற்கிறான். ஆனால் அப்பா தடுமாறியது வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்று தன் குரலை உயர்த்திச் சேவிக்கிறான். அப்பாவுக்கு அது விளங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். இதுவரைக்கும் ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் மகன் சொல்கிறான், வாழ்நாளில் ஒரே ஒரு தரம் நான் நம்பினேன், அவருக்காகக் குரலை உயர்த்தின அந்தக் கொஞ்ச நேரம் நம்பினேன், அதை அவரிடம் சொல்ல வழியில்லை என்று. இதைத்தான் நான் வேண்டாம் என்றேன். படிக்காமல், இடது கையால்.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. அவன் சம்சாரம் கொண்டுவந்த காப்பியையும் தொடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி, கட்டு, பரண், கார்டு, கண்டக்டர், ஒன்றையும் விடவில்லை. சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ ஒருத்தருமே படிக்கலையா?" என்றான்.

"நான் படிச்சேன்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

பேப்பர்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினான். "கடைசிப் பகுதி?" என்று கேட்டான். தலை நரைத்த மனுஷன், முதல் கவிதை எழுதின பையன் மாதிரிக் கேட்டான்.

"அது இல்லாட்டி மத்தது எதுக்கும் அர்த்தமே இல்லடா" என்றேன்.

"இதைத்தான்டா யாராவது சொல்லணும்னு அந்தக் கடை வாசல்ல நின்னேன்" என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ போ. ஞாயித்துக்கிழமை வரதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். உம் புள்ளை வந்து கெஞ்சப்படாது" என்றான். அவன் சம்சாரம் மட்டும் வாசல் வரை வந்து, போயிட்டு வாங்கோ என்றாள். திரும்பி வரும்போது பாலத்தில் நின்று அழுதேன். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ யாருக்கும் கெடுதல் செய்கிறவன் இல்லை, அதுதான் எனக்குக் கவலை. நானும் கெடுதல் நினைத்து அந்தக் கார்டை எழுதவில்லை. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் எழுதினேன். ஒருவனுக்கு ஆறுதல் சொல்லப் போகிறாய் என்றால், முதலில் அவன் எழுதியதைப் படி. ஒருவனுக்கு மாலை போடப் போகிறாய் என்றால், அவன் என்ன செய்தான் என்று விசாரி. உன் அப்பனாக இருந்தாலும் விசாரி. கார்டுக்குக் கீழே இருக்கிற சீட்டைக் கிழித்துவிட்டு, இது பொய்க் கார்டு, எழுதியவன் இன்னார் என்று என் பெயரை முழுதாகப் போடு. கட்டை அங்கேயே வை, ஆனால் பொக்கிஷம் என்கிற வார்த்தையை எடு. அதை என்ன செய்வது என்று சொல்ல வேண்டியவன் சடகோபன், நீயும் இல்லை, நானும் இல்லை. என் குடையைத் திருப்பிக் கொடு, வாசலில் மழை பெய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வரப்போவதில்லை. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடாதே. கீழே, சைக்கிள் கடை வாசலில் நிற்பேன். அவன் வந்தால் என்னைத் தாண்டித்தான் படியேற வேண்டும். "வாடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பின்னாலேயே வருகிறேன். சொல்லாமல் ஏறிப் போனால் அங்கேயே நிற்பேன். நீ இறங்கி வந்து என்னைக் கூப்பிடாதே.

அப்பா